டைகர் டேங்க் மோகத்துக்குத் திறமை மட்டும் காரணமில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

வரைபடப் பலகையிலும் மேஜையிலும் பழைய போர்களை ஆடிப் பார்க்கும் போர் விளையாட்டுகள் பற்றி நம் நாளிதழில் வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் இரண்டாம் உலகப் போர் ஆட்டம் என்றால் பலர் ஜெர்மன் தரப்பையே கேட்டு வாங்குவது ஏன் என்பதற்கு, ‘அந்த ராணுவத்தின் திறமை’ என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டுக் கடந்துபோயிருக்கிறார் கட்டுரையாளர். நானும் இந்த ஆட்டங்களை ஆடுகிறவன்தான், ஜெர்மன் தரப்பையும் எடுப்பேன். யாராவது அந்தப் பக்கம் உட்கார்ந்தால்தானே ஆட்டமே நடக்கும்? அப்படி எடுப்பவரை எல்லாம் நாஜி என்று திட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆட்டத்தின் அமைப்பே அந்தப் பக்கம் இழுக்கிறது. 1941 ஜூன் 22இல் ஜெர்மனி சோவியத் மீது படையெடுப்பதில் தொடங்கும் கிழக்கு முனை ஆட்டத்தைப் பாருங்கள், முதல் நகர்வு ஜெர்மன் தரப்புக்கு, சுற்றி வளைக்கும் வேலையெல்லாம் அவர்களுக்கு, சோவியத் ஆட்டக்காரர் வெகுநேரம் தன் படைகளைக் குறிக்கும் அட்டை வில்லைகளைப் பறிகொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். போதாததற்கு இந்தப் பொழுதுபோக்கின் வேரே பழைய ஜெர்மன் அரசான பிரஷ்யாவில்தான் இருக்கிறது. 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி செம்மைப்படுத்திக் காட்டிய, பகடை உருட்டி ஆடும் போர் ஆட்டம் அங்கே ராணுவப் பயிற்சியாகவே ஆனது.

அப்புறம் டேங்குகள். ஜெர்மனியின் 57 டன் டைகர் டேங்கின் மாடலுக்குப் பெயின்ட் அடித்து மேஜையில் வைத்தால் கண் வேறெங்கும் போகாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டைகர் முதல் ரகத்தில் மொத்தம் செய்ததே சுமார் 1,350தான், அமெரிக்க ஷெர்மன் டேங்கோ 49,000க்கும் மேல். மேஜைகளில் இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கும்! பழுதாகியும் எரிபொருள் தீர்ந்தும் அவர்களே கைவிட்டுப்போன டைகர்கள் எத்தனையோ, பல ஆட்டங்களில் அதற்கு விதியே கிடையாது. சோவியத் மண்ணுக்குள் அந்த ‘இயந்திரப் படை’ 6 லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளோடுதான் நுழைந்தது. குதிரை வண்டிக்கு யார் மாடல் வாங்குகிறார்கள்?

கட்டுரை தொடாத விஷயம் ஒன்று உண்டு, எனக்கு அதுதான் முக்கியம். ஜெர்மன் ராணுவத்தின் திறமை என்ற இந்தக் கதையைத் தோற்ற தளபதிகளே எழுதினார்கள். 1942 வரை ஜெர்மன் தரைப்படையின் திட்டங்களை வகுத்த ஹால்டர், போருக்குப் பின் அமெரிக்க ராணுவத்தின் வரலாற்றுப் பிரிவுக்காக முன்னாள் ஜெர்மன் அதிகாரிகளை வைத்து எழுத வைத்தார், ரஷ்யர்களோடு மோத வேண்டி வந்தால் என்ன செய்வது என்ற கவலையில் இருந்த அமெரிக்கர்களும் அதை ஆவலாக வாங்கிக்கொண்டார்கள். ஜெர்மன் தளபதிகள் குடேரியனும் மான்ஸ்டைனும் நினைவுக் குறிப்புகள் எழுதினார்கள். ஹிட்லர் தலையிடாவிட்டால் ஜெயித்திருப்போம், கொலைகளை நாஜிக் கட்சியின் தனிப்படையான எஸ்எஸ்தான் செய்தது, நாங்கள் வெறும் சிப்பாய்கள் என்பதுதான் இந்த எழுத்துகளின் சாரம். ஆட்டங்களை வடிவமைத்த முதல் தலைமுறைக்குக் கையில் கிடைத்தவையும் பெரும்பாலும் இவைதான்.

அதே மான்ஸ்டைனுக்கு 1949இல் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் போர்க் குற்றங்களுக்காக 18 ஆண்டு தண்டனை விதித்தது (1953இலேயே வெளியே வந்துவிட்டார், அது வேறு கதை). பிடிபட்ட சோவியத் கமிஸார்களை, அதாவது படையில் இருந்த கம்யூனிஸ்ட் கட்சி அரசியல் அதிகாரிகளைச் சுட்டுவிடச் சொன்ன 1941 ஜூன் உத்தரவு ராணுவத் தலைமையிடமிருந்தே வந்தது. சோவியத் போர்க் கைதிகள் சுமார் 57 லட்சம் பேரில் 30 லட்சத்துக்கும் மேல் செத்தார்கள், பெரும்பாலும் பசியிலும் குளிரிலும் நோயிலும், அதுவும் ராணுவம் நடத்திய முகாம்களில். ஆட்ட வரைபடத்தில் இதெல்லாம் இல்லை, போர்முனைக்குப் பின்னால் இருப்பது வெறும் காலிக் கட்டங்கள். எஸ்எஸ் படைக்கு மட்டும் தனியாகக் கருப்பு வில்லை அச்சிட்டு, கூடுதல் பலமும் கொடுத்து, கவர்ச்சியை ஏற்றிவிடும் ஆட்டங்கள் இருக்கின்றன.

பலகையில் முகாம் வை, கொலைக்குப் புள்ளி கொடு என்று நான் கேட்கவில்லை, அது இன்னும் கேவலம். விதிப் புத்தகத்தின் வரலாற்றுக் குறிப்பில் அந்தப் படை ஊர்களில் என்ன செய்தது என்று இரண்டு பக்கம் எழுதலாம், படைக்கு எரிபொருளும் உணவும் குண்டுகளும் போய்ச் சேர்வதைக் கணக்கிடும் சப்ளை விதிகளைக் கறாராக வைக்கலாம். பலர் ‘சப்ளை போரடிக்கும்’ என்று முகம் சுளிப்பார்கள், தெரியும். சுளிக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்