தறிப்பட்டறை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிபாளையம், குமாரபாளையம் வட்டாரத்துப் பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்ங்க.

நான் இருபத்தாறு வருடம் தறி ஓட்டியவரின் மகள். அப்பாவுக்கு வலது கன்னத்தின் உள்ளே வந்த புண் ஆறவே இல்லை. பயாப்சியில் (புண்ணிலிருந்து துணுக்கு எடுத்துச் செய்யும் பரிசோதனை) புற்றுநோய் என்று வந்தது. காப்பீட்டு அட்டை இருந்ததால் ஆபரேஷனுக்குக் கையிலிருந்து செலவு ஆகவில்லை. எங்களைச் சாய்த்தது அதற்குப் பின்னால் வந்த மாதங்கள்தான்.

தறிக்காரர்கள் ஏன் போயிலை போடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பஞ்சு பறக்கிற இடத்தில் பீடி பற்றவைக்க முடியாது. ராத்திரி ஷிப்டில் கண் சொக்கினால் இழை அறுந்தது தெரியாது. அப்பா வலது கன்னத்தில்தான் அடக்குவார். புண் வந்ததும் அங்கேதான்.

இந்த நோய்க்குக் கட்டியை மட்டும் எடுத்தால் போதாது. சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நல்ல சதையையும் சேர்த்து எடுக்கிறார்கள். அப்பாவுக்கு ஈறு வழியாக எலும்புக்குள் இறங்கியிருந்ததால் தாடையில் ஒரு துண்டும் போனது. சிலருக்குக் காலிலிருந்து சிறிய எலும்பை எடுத்துத் தாடையில் பொருத்துவார்கள். அப்பாவுக்கு நெஞ்சுச் சதையைத் திருப்பி மூடினார்கள். கழுத்து நெறிகளையும் (நோய் பரவக்கூடிய நிணநீர் முடிச்சுகள்) அப்போதே எடுத்தார்கள். "வாயில்தானே கட்டி, கழுத்தை எதுக்கு அறுக்கறாங்க" என்று அம்மா அழுதார். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை 2015-இல் வெளியிட்ட ஆய்வைப் பிறகுதான் படித்தேன். ஆரம்பநிலை வாய்ப்புற்றில், நெறிகளை முதலிலேயே எடுத்தவர்களில் 80 சதவீதம் பேர் 3 ஆண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள். கழுத்தில் கட்டி தெரிந்த பிறகு எடுக்கலாம் என்று விட்டவர்களில் அது 67.5 சதவீதம். ஆரம்பநிலைக்கே அப்படி என்றால், எலும்பைத் தொட்டுவிட்ட நோய்க்குக் கேட்கவே வேண்டாம்.

எடுத்த நெறியிலும் நோய் இருந்தது. ஆபரேஷன் ஆகி ஆறு வாரத்துக்குள் கரண்ட் வைக்க (கதிர்வீச்சு சிகிச்சை) ஆரம்பித்துவிட வேண்டும் என்றார் டாக்டர். வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரம் போக வேண்டும். ஆனால் பட்டறையில் முன்பணமாக வாங்கி, கூலியில் கழிக்கிற அட்வான்ஸ் பாக்கி நின்றது. "கொஞ்சம் கழிச்சுட்டுப் போங்க" என்றார் பட்டறைக்காரர். அவர் கெட்டவர் இல்லை. அந்த ஆறு வாரக் கெடுவுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கழுத்தைத் திருப்ப முடியாமல் அப்பா தார்க்குச்சியில் நூல் சுற்ற உட்கார்ந்தார். பத்தாவது வாரத்தில்தான் முதல் கரண்ட்.

வாய்ப்புற்று திரும்பி வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள் வந்துவிடும். அதனால்தான் அந்தக் காலத்தில் மாதம் ஒருமுறையோ, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ வரச் சொல்கிறார்கள். வாயையும் கழுத்தையும் கையால் தடவிப் பார்ப்பதுதான் அங்கே முக்கியமான வேலை. அதற்கு ஒரு நாள் கூலி போகிறது. அப்பா நான்கு தடவை போனார். அப்புறம் ஆர்டர் அவசரம், தீபாவளி என்று இரண்டு தடவை விட்டுப்போனது. அடுத்து போனபோது இடது கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி, உள்ளே ரத்தக் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தது. சின்னதாக இருக்கும்போதே தெரிந்திருந்தால் மறுபடி ஆபரேஷன் செய்து பார்த்திருக்கலாம் என்றார்கள். தாமதத்தால்தான் நோய் திரும்பியது என்று எந்த டாக்டரும் அடித்துச் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். போன தை மாதம் அப்பா இறந்துவிட்டார்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். ஆபரேஷன் ஆனவருக்குக் கரண்ட் முடியும்வரை அட்வான்ஸ் கழிக்காதீர்கள், வேலைக்கும் கூப்பிடாதீர்கள். பிறகு இரண்டு வருடம், ஆஸ்பத்திரி போகும் நாளுக்குக் கூலி கொடுங்கள். திரும்பி வந்தவர் பக்கத்தில் யாரும் போயிலைப் பொட்டலம் பிரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீதி வாயும் அதே போயிலையில் ஊறியதுதான். அங்கே புதிதாக இன்னொன்று கிளம்பலாம். ராத்திரிக்கு இன்னொரு டீ வாங்கிக் கொடுங்கள், தூக்கம் கலையும்.

அடுத்து எப்போது வர வேண்டும் என்று டாக்டர் சீட்டில் தேதி போட்டிருப்பார். அட்வான்ஸ் கணக்கு எழுதும் நோட்டில், அந்தத் தறிக்காரர் பெயருக்கு நேரே, அந்தத் தேதியையும் எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தறிக்காரரின் மகள்