சிகிச்சை முடிந்த பிறகு யார் பொறுப்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புற்றுநோயிலிருந்து மீண்டவர்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் மருத்துவப் பகுதியில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நோயை முன்கூட்டியே கண்டறிவதைப் பற்றியும் புதிய மருந்துகளைப் பற்றியும் தெளிவாக எழுதியிருந்தார்கள். ஆனால் கடைசி கீமோதெரபியை முடித்துக்கொண்டு நோயாளி வீடு திரும்பும் இடத்தில் கட்டுரை நின்றுவிட்டது. பெருங்குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று இப்போது ஏழாவது ஆண்டில் இருக்கும் எனக்கு, அந்த இடத்திற்கு அப்பால் தொடங்கும் வாழ்க்கையைப் பற்றிச் சொல்ல வேண்டியவை சில இருக்கின்றன.

அறுவை சிகிச்சைக்குப் பின் எனக்கு ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்து சேர்ந்த கீமோதெரபியை ஆறு மாதம் கொடுத்தார்கள். அது முடிந்து இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் மாலை தெருவில் நடந்துகொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு சிறுவன் கூப்பிட்டு என் செருப்பு ஒன்றை நீட்டினான். அது காலிலிருந்து கழன்றதே எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் கட்டைவிரல் கிழிந்து இரத்தம் உறைந்திருந்தது. வலி துளியும் இல்லை. அந்த நாட்களில் சட்டைப் பொத்தானைப் போடவும் என் மனைவியின் உதவி தேவைப்பட்டது. அடுத்த பரிசோதனைக்குச் சென்றபோது இதைச் சொன்னேன். "ஸ்கேன் நன்றாக இருக்கிறது, மற்றதெல்லாம் போகப்போகச் சரியாகிவிடும்" என்பதே எனக்குக் கிடைத்த பதில். இந்த மருந்தினால் வரும் நரம்புப் பாதிப்பு, மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதங்கள் கூடிக்கொண்டே போகலாம் என்பதும், சிலருக்கு முழுமையாக நீங்காமலே தங்கிவிடலாம் என்பதும் மருத்துவ உலகம் நன்கறிந்த செய்திகள். அவற்றை என்னிடம் யாரும் சொல்லவில்லை. தினமும் இரவில் பாதங்களைக் கண்ணால் பார்த்துச் சோதிக்க வேண்டும், வெந்நீரின் சூட்டை விரலால் பார்க்காமல் முழங்கையால் பார்க்க வேண்டும், சமநிலைப் பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்பதையெல்லாம் ஓராண்டுக்குப் பின் ஓர் இயன்முறை மருத்துவரிடம்தான் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொள்ள அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த அரை மணி நேரம் ஓராண்டு முன்னதாகவே கிடைத்திருக்க வேண்டியது.

ஆதரவுச் சிகிச்சை என்றதும் அது இறுதிக் காலத்துக்கான கவனிப்பு என்றே பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். நோய் கண்டறியப்பட்ட நாள் முதல், சிகிச்சை முடிந்து எத்தனை ஆண்டுகள் ஆனாலும், நோயும் சிகிச்சையும் உடலிலும் மனத்திலும் விட்டுச்செல்லும் தொல்லைகளைத் தடுப்பதும் தணிப்பதும் அதன் வேலை. இது ஏதோ சிலருக்கு மட்டும் தேவைப்படுவதும் அன்று. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி, நோய் கண்டறியப்பட்டு 5 ஆண்டுகளுக்குள் இருப்பவர்களாக 2022-இல் உலகில் உயிருடன் இருந்தவர்கள் மட்டும் சுமார் 5.35 கோடிப் பேர். அதற்கும் முன்பு நோய் கண்டறியப்பட்டவர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

சில பின்விளைவுகள் உடனே தெரிவதில்லை என்பதுதான் இதில் பெரிய சிக்கல். டாக்சோரூபிசின் என்ற கீமோதெரபி மருந்தைப் பெற்றவர்களுக்கு இதயத் தசை பலவீனமடைவது பல ஆண்டுகள் கழித்தும் வெளிப்படலாம். மொத்தமாகப் பெற்ற மருந்தின் அளவு கூடக்கூட அந்த ஆபத்தும் கூடுகிறது. கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குத் தைராய்டு சுரப்பு மெல்லக் குறைந்து, உடல் பருமனும் சோர்வும் வயதின் விளைவு என்று தவறாக எண்ணப்படுகின்றன. மார்பகப் புற்றுநோய்க்காக ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் குறைக்கும் அரோமட்டேஸ் தடுப்பு மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் உட்கொள்ளும் பெண்களுக்கு எலும்பு அடர்த்தி குறைகிறது. இவற்றிலெல்லாம் எனக்கு மிகுந்த கவலை தருவது தாடை எலும்பைப் பற்றியது. வாய், தொண்டைப் பகுதியில் கதிர்வீச்சு பெற்ற ஒருவர், பத்து ஆண்டுகள் கழித்து வேறு ஊரில் ஒரு பல் மருத்துவரிடம் சென்று, பழைய சிகிச்சையைப் பற்றிச் சொல்லத் தோன்றாமல் பல்லைப் பிடுங்கிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரத்த ஓட்டம் குறைந்துபோன அந்த எலும்பு ஆறாமல் அழுகத் தொடங்கலாம். பல் மருத்துவர் மீது குற்றமில்லை, நோயாளி மீதும் குற்றமில்லை. கதிர்வீச்சு எந்த இடத்தில், எவ்வளவு கொடுக்கப்பட்டது என்று எழுதிய ஒரு தாள் அவர் கையில் இருந்திருந்தால் அது நேர்ந்திருக்காது.

களைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். எவ்வளவு உறங்கினாலும் தீராத இந்தக் களைப்பை அனுபவித்தவர்களுக்கே அதன் கனம் தெரியும். "ஓய்வெடுங்கள்" என்று அன்போடு சொல்கிறார்கள். அது பெரும்பாலும் பயன் தராத அறிவுரை. இரத்தசோகை, தைராய்டு, தூக்கக் குறைவு, மனச்சோர்வு ஆகியவை காரணமா என்று பார்த்துச் சரிசெய்த பின், இந்தக் களைப்பைக் குறைப்பதில் வலுவான சான்றுள்ள வழி உடற்பயிற்சியே. வாரத்தில் 3 நாள், 30 நிமிட மிதமான நடைப்பயிற்சியும், 2 நாள் தசை வலுவுக்கான பயிற்சியும் போதும் என்று 2019-இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று பரிந்துரைத்தது. காத்திருப்பு அறையில் நான் பழகிய ஒரு சகோதரி, அக்குளில் நிணநீர் முடிச்சுகளை அகற்றியதால் கை வீங்கியவர், யாரோ சொன்னதை நம்பி நான்கு ஆண்டுகளாக அந்தக் கையால் ஒரு குடத்தைக்கூடத் தூக்காமல் இருந்தார். தோளும் இறுகிவிட்டது. மேற்பார்வையோடு படிப்படியாகக் கூட்டப்படும் எடைப்பயிற்சி நிணநீர் வீக்கத்தை அதிகமாக்குவதில்லை என்று 2009-லேயே ஆய்வு காட்டியிருக்கிறது. அந்தச் செய்தி அவரை வந்தடையவே இல்லை.

மனத்தைப் பற்றிப் பேசுவது இதைவிடக் கடினம். ஸ்கேனுக்கு ஒரு வாரம் முன்பே எனக்கு உறக்கம் போய்விடும். சாதாரண வயிற்றுவலி வந்தாலும் நோய் திரும்பிவிட்டதாகத் தோன்றும். தாமே புற்றுநோயிலிருந்து மீண்ட அமெரிக்க மருத்துவர் ஃபிட்ஸ்ஹ்யூ முல்லன், மீண்டவர்களின் வாழ்வை மூன்று பருவங்களாகப் பிரித்து 1985-இல் எழுதினார். சிகிச்சை முடிந்து கண்காணிப்பில் இருக்கும் நடுப்பருவத்தை ஆட்டிவைப்பது நோய் திரும்புமோ என்ற அச்சமே என்று அவர் குறித்திருக்கிறார். வீட்டிலோ "இப்போது நன்றாகத்தானே இருக்கிறாய்" என்ற ஒரு சொல்லில் பேச்சு முடிந்துவிடுகிறது. இந்த அச்சத்தைக் குறைக்கும் உளவியல் சிகிச்சை முறைகள் இருக்கின்றன. தாம்பத்திய வாழ்வில் நேரும் மாற்றங்களைப் பற்றிப் பேசுவதும் அப்படியே கடினம். மருத்துவர் முதலில் கேட்டால் ஒழிய, நோயாளிகளில் பெரும்பாலோர் தாமாக வாய் திறப்பதில்லை.

சிகிச்சை முடிக்கும் ஒவ்வொருவருக்கும், பெற்ற சிகிச்சையின் சுருக்கத்தையும் இனி செய்ய வேண்டிய பரிசோதனைகளின் திட்டத்தையும் எழுத்தில் தர வேண்டும் என்று அமெரிக்காவில் மருத்துவம் குறித்து ஆலோசனை வழங்கும் அமைப்பான இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2005-லேயே பரிந்துரைத்தது. பல இடங்களில் அந்தத் தாளை அச்சிட்டுக் கொடுத்தும் பார்த்தார்கள். தாள் மட்டும் நோயாளியின் வாழ்க்கைத் தரத்தைப் பெரிதாக மாற்றிவிடவில்லை என்றே பின்னர் வந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை கூறின. எனக்கு இதில் வியப்பில்லை. தாளைப் படித்துப் பார்த்து, "கால் மரத்துப் போகிறதா? எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள்? உறக்கம் எப்படி?" என்று கேட்டு, உரியவரிடம் அனுப்பிவைக்கும் ஒரு மனிதர் வேண்டும். அவர் புற்றுநோய் நிபுணராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பயிற்சி பெற்ற செவிலியரோ குடும்ப மருத்துவரோ இதைச் செவ்வனே செய்ய முடியும். ஆனால் அவர் யார் என்பது சிகிச்சை முடியும் நாளிலேயே முடிவாகி, அவர் பெயரும் தொடர்பு எண்ணும் நோயாளியின் கையில் இருக்க வேண்டும். நிபுணர் குடும்ப மருத்துவர் பார்ப்பார் என்றும், குடும்ப மருத்துவர் நிபுணர் பார்ப்பார் என்றும் இருந்துவிட்டால் யாருமே பார்ப்பதில்லை.

என் சிகிச்சைச் சுருக்கத்தை ஐந்தாம் ஆண்டில் நானே எழுதிக் கேட்டு, மூன்று முறை நடந்து பெற்றேன். இரண்டே பக்கம். மருந்துகளின் பெயர், அளவு, தேதி, அறுவை சிகிச்சையின் விவரம், பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி பரிசோதனை அடுத்து எப்போது என்பது வரை அதில் இருக்கிறது. கடைசி வரியில் "தொடர்பு கொள்ள வேண்டியவர்" என்று அச்சிட்ட இடம் மட்டும் இன்னும் வெறுமையாக இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்