காயம் பட்டால்தான் லீவா? ஃபிஃபாவுக்கு ஒரு திறந்த மடல்

ஃபிஃபா தலைவர் அவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

2025 ஜூலையில், கிளப் உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்கு முந்தைய நாள், நியூயார்க்கில் சில வீரர் சங்கங்களோடு பேசி முடித்து ஓர் அறிக்கை விட்டீர்கள். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே குறைந்தது 72 மணி நேரம், பருவம் முடிந்ததும் குறைந்தது 21 நாள் ஓய்வு என்பதில் "ஒருமித்த கருத்து" எட்டப்பட்டதாகச் சொன்னீர்கள். உலகின் மிகப் பெரிய வீரர் அமைப்பான ஃபிஃப்ப்ரோவை அழைக்காமலே எட்டிய ஒருமித்த கருத்து. அது கிடக்கட்டும். எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று: அந்த இரண்டு எண்களையும் விதிப் புத்தகத்தில் ஏற்றுங்கள், மீறினால் என்ன தண்டனை என்பதையும் அங்கேயே எழுதுங்கள். கருத்து விதி ஆகாது.

ஜெர்மனியின் தடுப்பாட்டக்காரர் பெர் மெர்ட்டசாக்கரை உங்களுக்கு நாங்கள் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஹனோவர், பிரேமன், ஆர்சனல் என்று மூன்றே கிளப்புகள், ஜெர்மனிக்காக 104 ஆட்டங்கள், 2014 உலகக் கோப்பை. 198 செ.மீ. உயரம், வேகம் மட்டும் கிடையாது. பந்து எங்கே வரும் என்று எதிராளிக்கு அரை நொடி முன்னால் கணித்து, அங்கே போய் நின்றுவிடுவதே அவர் பிழைப்பு. அவர் 2018 மார்ச்சில், ஓய்வு பெறச் சில வாரங்கள் இருக்கும்போது, ஜெர்மனியின் டெர் ஷ்பீகல் இதழில் மனம் திறந்தார். ஆட்ட நாள் காலையில் வயிற்றுப்போக்கு. கிக் ஆஃபுக்கு, அதாவது ஆட்டம் தொடங்குவதற்கு, சற்று முன் குமட்டல். 2006 உலகக் கோப்பையில், சொந்த மண்ணில், அரையிறுதியில் இத்தாலியிடம் தோற்றபோது வருத்தத்தைவிட நிம்மதியே பெரிதாக இருந்ததாம். அப்போது அவருக்கு வயது 21.

இவற்றைவிட நெஞ்சில் தைப்பது வேறொன்று. இந்த ஓட்டத்திலிருந்து யாரும் குறை சொல்லாதபடி விலகி நிற்க அவருக்குக் கிடைத்த ஒரே வழி காயம். "களைத்துவிட்டேன், இரண்டு வாரம் விடுங்கள்" என்று ஒரு சென்டர் பேக் (நடுத் தடுப்பாட்டக்காரர்) சொன்னால் அடுத்த வாரம் அவர் இடத்தில் வேறொருவர் நிற்பார். முட்டியில் ஸ்கேன் எடுத்துக் காட்டினால் கேள்வியே இல்லை. உடைந்தால்தான் விடுப்பு என்பது எந்தத் தொழிலில் நியாயம்? அந்தப் பேட்டிக்காக அவரைக் கடிந்துகொண்டவர்களில் ஜெர்மனியின் முன்னாள் கேப்டன் லோதர் மத்தேயஸும் உண்டு. இத்தனைக்கும், எல்லாவற்றையும் மறுபடி செய்யச் சொன்னாலும் செய்வேன் என்று அதே பேட்டியில் சொன்னவர் மெர்ட்டசாக்கர். வேலைக்குப் பயந்த ஆளில்லை.

இப்போது உங்கள் 72 மணி நேரத்துக்கு வருவோம். எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை? சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் புதன் இரவு 9 மணிக்குத் தொடங்கினால் முடிய 10.50 ஆகும். ஜெர்மன் லீக்கான புண்டஸ்லிகாவில் அடுத்த ஆட்டம் சனி பிற்பகல் 3.30. கடைசி விசிலிலிருந்து கிக் ஆஃப் வரை 64 மணி 40 நிமிடம்தான் வருகிறது. "நடுவில் இரண்டு நாள் முழுசாக இருக்கிறதே" என்று யாரும் கணக்குக் காட்டிவிடலாம். ஆகவே விசிலிலிருந்து கிக் ஆஃப் வரை 72 மணி என்று எழுதுங்கள். கூடுதல் நேரம் ஆடியிருந்தால் இன்னும் ஒரு நாள் சேருங்கள். 2014 உலகக் கோப்பையில், பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரேயில், அல்ஜீரியாவோடு 120 நிமிடம் ஆடி முடித்த கையோடு மைக்கை நீட்டியவரிடம், மூன்று நாள் ஐஸ் தொட்டியில் கிடக்கப் போவதாக மெர்ட்டசாக்கர் எரிந்து விழுந்தது நினைவிருக்கும். உலகமே சிரித்தது. உடற்பயிற்சி நிபுணர்கள் சிரிக்கவில்லை. அவர் சொன்ன கணக்கு ஏறக்குறைய சரி.

காரணம் எளிது. தசையில் செலவான கிளைகோஜன் (ஓடுவதற்கான சேமிப்புச் சர்க்கரை) மறுபடி நிரம்ப 48 முதல் 72 மணி நேரம் பிடிக்கும். தசைவலி உச்சத்துக்கு வருவது பெரும்பாலும் இரண்டாம் நாள். மறுநாள் சைக்கிள், நீச்சல்குளம், மசாஜ். அதற்கு அடுத்த நாள் பாதி வேகத்தில் பயிற்சி, மீதிப் பொழுது விமானத்தில். புதன், சனி, செவ்வாய் என்று ஆட்டம் வந்தால் பயிற்சியாளர் முதலில் வெட்டுவது நார்டிக் பயிற்சியை. முழங்காலிட்டு, கணுக்காலை ஒருவர் அழுத்திப் பிடித்திருக்க, உடம்பைக் கம்பிபோல் நேராக வைத்து மெல்ல மெல்ல முன்னால் சாய வேண்டும். பின்தொடைத் தசை கிழியாமல் காக்க இதைவிட மலிவான வழி கிடையாது. ஆனால் இடையில் விட்டுவிட்டுத் திரும்பச் செய்தால் இரண்டு நாள் வலிக்கும். வலியோடு ஆட்டத்துக்குப் போக முடியாது. காயத்தைத் தடுக்கும் பயிற்சிக்கே நாள் இல்லாமல் போனபின் காயப்பட்டியல் நீள்வதைப் பார்த்து ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

மாற்று ஆட்டக்காரர்கள் ஐந்து பேர் இருக்கிறார்களே என்பீர்கள். ஐவரில் பெரும்பாலோர் முன்களத்துக்கும் நடுக்களத்துக்கும் போவார்கள். தடுப்பு வரிசையின் ஒத்திசைவைக் கலைக்க எந்தப் பயிற்சியாளரும் விரும்பமாட்டார். சென்டர் பேக் 90 நிமிடமும் நிற்பார். அவரிடம் முதலில் களைப்பது காலல்ல, அந்த அரை நொடிக் கணிப்பு. அது போனால் ஓரடி பிந்துவார். பிந்தினால் சட்டையைப் பிடிப்பார், இல்லை எட்டாத பந்துக்குக் காலை நீட்டுவார். ஒன்று மஞ்சள் அட்டை, மற்றது தசைக் கிழிவு.

21 நாளும் இப்படித்தான். 2014 உலகக் கோப்பை இறுதி ஜூலை 13. ஆர்சனலின் முதல் லீக் ஆட்டம் ஆகஸ்ட் 16. கிளப் தானாக மனமிரங்கி தன் ஜெர்மன் வீரர்கள் மெர்ட்டசாக்கர், ஓசில், பொடோல்ஸ்கி மூவருக்கும் கூடுதல் விடுப்புக் கொடுத்து, அவர்கள் இல்லாமலே தொடங்கியது. 2025 கிளப் உலகக் கோப்பை இறுதியும் ஜூலை 13-தான். வென்ற செல்சியின் முதல் லீக் ஆட்டம் ஆகஸ்ட் 17. 35 நாள். அதில் 21 போனால் உடம்பைத் தயார்செய்ய இரண்டே வாரம். ஒழுங்காகச் செய்ய நான்கு வாரமாவது வேண்டும். விடுப்பைக் கொடுத்துவிட்டு ப்ரீ சீசனை (பருவத்துக்கு முந்தைய பயிற்சிக் காலத்தை) பறித்தால் கணக்கு நேராகிவிடுமா?

கோப்பைகளைப் பெருக்க மட்டும் உங்களுக்கு நாள் கிடைக்கிறது. 32 அணிகளோடு கிளப் உலகக் கோப்பை. 48 அணிகள், 104 ஆட்டங்களோடு 2026 உலகக் கோப்பை. மெர்ட்டசாக்கர் பத்தாண்டு முழுக்கத் தன் நாட்டுக்கு ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையை நீங்கள் ஒரே கோடையில் முடித்துவிடுகிறீர்கள்! நடுவில் 'ஃபிஃபா அமைதிப் பரிசு' என்று ஒன்று வழங்கவும் நேரம் ஒதுக்கினீர்கள். வீரரின் முட்டிக்கும் கொஞ்சம் அமைதி கொடுத்தால் தேவலை.

கோபத்தில் நீண்டுவிட்டது, பொறுத்தருள்க. முதலில் கேட்ட இரண்டோடு மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துப் பணிவோடு மீண்டும் கேட்கிறோம்: விசிலிலிருந்து கிக் ஆஃப் வரை 72 மணி நேரம், தேசிய அணி முகாமோ விளம்பரப் பயணமோ குறுக்கிடாத 21 நாள், அது முடிந்தபின் ஆட்டமில்லாத நான்கு வாரப் பயிற்சி. மூன்றையும் விதியாக்குங்கள். மீறும் போட்டி அமைப்பாளருக்கு அபராதம் என்று எழுதுங்கள். அமைப்பாளர் என்பதில் உங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த போட்டி அட்டவணையை வெளியிடும்போது ஒவ்வொரு அணிக்கும் முந்தைய ஆட்டத்திலிருந்து எத்தனை மணி நேரம் என்பதைப் பக்கத்திலேயே அச்சிட்டுத் தந்தால் போதும், மீதியை நாங்களே கூட்டிப் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கால்பந்து ரசிகர்கள்