அந்த 40 சதவீதம் பற்றி

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பியதைப் படித்தேன். காஸ்மிக் கதிர்களின், அதாவது விண்வெளியிலிருந்து வரும் துகள்களின், ஆற்றலை 30, 40 சதவீதப் பிழையோடு அளப்பதற்கா இத்தனை பாடு என்று கேட்டிருக்கிறாய். துகளை மோதவிட்டு ஆற்றலை அளக்கும் இந்தக் கலோரிமீட்டர்களோடு பாதி வாழ்நாளைக் கழித்தவள் நான், கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்.

ஒரு புரோட்டானின் ஆற்றல் முழுவதையும் உள்ளேயே அடக்க வேண்டுமானால் மீட்டர் கணக்கில் இரும்பு வேண்டும். பலூன் தூக்குவதோ சில டன்தான். அதனால்தான் பலூனில் பறந்த கிரீம் என்ற கருவியில் மேலே கார்பன் இலக்கு வைத்தார்கள், புரோட்டான் அதில் மோதி உடையட்டும் என்று. கீழே 3.5 மில்லிமீட்டர் தடிமனில் 20 டங்ஸ்டன் தகடுகள், ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒளிரும் இழைகள். மோதலில் பிறக்கும் நடுநிலைப் பையான்கள் என்ற குறுவாழ்வுத் துகள்கள் உடனே காமா கதிர்களாகி, எலக்ட்ரான்களும் காமாவுமாகப் பெருகும் மின்காந்தப் பொழிவாக விரியும், நாம் பிடிப்பது பெரும்பாலும் அதைத்தான், மிச்சம் அடிவழியே வெளியேறிவிடும். பையானுக்குப் போகும் பங்கு மோதலுக்கு மோதல் மாறுவதால் வருவதுதான் நீ சொல்லும் 40 சதவீதம், எலக்ட்ரானிக்ஸைத் திட்டாதே. ஆனால் ஆற்றல் ஏறினாலும் இந்தப் பிழை பெரிதாக வளர்வதில்லை. காந்தத்தில் துகளின் தடம் வளைவதை வைத்து அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அப்படியில்லை, ஒரு கட்டத்துக்கு மேல் தடம் நேர்க்கோடாகி வளைவே பிடிபடாது.

சரி, எனக்குப் பயம் வேறிடத்தில். துகள்களின் எண்ணிக்கை ஆற்றலின் ஏறத்தாழ 2.7-ஆவது படியில் சரிகிறது இல்லையா, எல்லா ஆற்றலையும் நீ 10 சதவீதம் கூட்டிப் படித்துவிட்டால் அதே ஆற்றலில் துகள்வரத்து 18 சதவீதம் கூடித் தெரியும், கோடு மட்டும் அதே சாய்வில் அழகாக நிற்கும், எங்குமே கோணல் இருக்காது. அந்த 40 சதவீதச் சிதறலைக் கணக்கால் பிரித்துவிடலாம், அளவுகோல் நகர்ந்ததை உன் தரவே உனக்குச் சொல்லாது. செர்ன் ஆய்வுக்கூடத்தின் துகள்கற்றையில் 150 கிகா எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரான்களை வைத்துச் சரிபார்த்துவிட்டு, நூறு டெரா (ஒரு டெரா ஆயிரம் கிகா) பக்கம் சிமுலேஷனை நம்பிப் போகிறோம். இதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

ஏட்டிக் என்ற இன்னொரு பலூன் கருவி 2008-இல் 300 முதல் 800 கிகா வரை எலக்ட்ரான்கள் அதிகம் என்றது. எவ்வளவு பரபரப்பு! அடுத்த வருடம் ஃபெர்மி விண்தொலைநோக்கி அந்த மேட்டைக் காணவில்லை. மாறாக, நியூக்ளியானுக்கு (அணுக்கருவில் உள்ள ஒவ்வொரு புரோட்டான் அல்லது நியூட்ரானுக்கு) 200 கிகா அருகே நிறமாலையின், அதாவது அந்தக் கோட்டின், சாய்வு மாறுகிறது என்று 2010-இல் கிரீம் சொன்னதை பமேலா, ஏஎம்எஸ் என்ற விண்வெளிக் கருவிகளும் காந்தத்தை வைத்து அளந்தும் கண்டன. முற்றிலும் வேறு முறை ஒன்று ஆமோதித்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும்.

அப்புறம், பறக்கும்போது வெயிலில் கருவியின் சூடு மாறும், ஒளி உணரிகளின் பெருக்கமும் கூடவே நகரும். கூட்டத்துக்கு முன் பெடஸ்டலையும் (துகள் வராதபோதே சேனல் காட்டும் அளவு) பெருக்கத்தையும் வெப்பநிலைக்கு எதிராக வரைந்து எனக்கு அனுப்பு. சராசரியை அனுப்பாதே, சேனல் சேனலாக வேண்டும்.

அம்மா