பிளக் பழசானதற்குக் கீபோர்டு என்ன செய்யும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மின்னணுக் கழிவு பற்றி உங்கள் நாளிதழில் வருகிற கட்டுரைகளை விடாமல் படிக்கிறவன் நான். செல்போன், பேட்டரி, டிவி என்று எல்லாவற்றையும் எழுதுகிறீர்கள், சரி. கூடவே போடுகிற படங்களில் குவியலுக்கு அடியில் பழைய கீபோர்டு ஒன்று தலைகீழாகக் கிடக்கும் பாருங்கள், என் கண் நேரே அங்கேதான் போகும். அதன் கேபிள் எங்கே முடிகிறது, நுனியில் என்ன பிளக் இருக்கிறது என்று தேடுவேன். பல சமயம் அந்தப் பிளக் ஒன்றுதான் அதைக் குப்பைக்கு அனுப்பியிருக்கும், மற்றபடி அது நன்றாகவே இருக்கும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் சொல்வது 1980களிலும் 90களின் முதல் பாதியிலும் வந்த மெக்கானிக்கல் கீபோர்டுகளை. ரப்பர் குமிழ்களின் மேல் எழுத்துகளை உட்கார வைத்த இன்றைய மலிவு கீபோர்டு இல்லை, ஒவ்வொரு கீயின் கீழும் தனி ஸ்பிரிங்கோ தனி சுவிட்சோ உள்ளவை. ஐபிஎம் மாடல் எஃப் 1981இல் முதல் ஐபிஎம் பிசியோடு வந்தது, மாடல் எம் 1985இல். ஆப்பிள் 1987இல் விட்ட எக்ஸ்டெண்டட் கீபோர்டில் ஆல்ப்ஸ் நிறுவனத்தின் சுவிட்சுகள். செர்ரி நிறுவனத்தின் எம்எக்ஸ் கறுப்பு சுவிட்ச் போட்டவையும் அந்தக் காலத்தில் ஏராளம்.

என்னிடம் இருப்பது மாடல் எம். அலுவலகம் ஒன்றில் கழித்துக் கட்டிய சாமான்களுக்கு நடுவில் கிடந்தது. பின்னால் உள்ள லேபிளில் 1989 என்று இருந்தது. தூக்கினால் இரண்டு கிலோவுக்கு மேல், உள்ளே இரும்புத் தகடு. வீட்டுக்கு வந்ததும் வேறொரு பழைய கீபோர்டோடு வந்திருந்த ஊதா நிற அடாப்டரை மாட்டி யூஎஸ்பியில் செருகினேன். மூன்று விளக்குகளும் ஒரு முறை மின்னின, அப்புறம் ஒன்றுமே இல்லை. எந்தக் கீயைத் தட்டினாலும் திரையில் எழுத்து விழவில்லை. செத்துப்போச்சு என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். அது ஆறு மாதம் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. விளக்கு மின்னியதே, செத்தது எப்படி மின்னும் என்று அன்றைக்கு யோசிக்கத் தோன்றவில்லை.

தப்பு அடாப்டரில் இருந்தது. இல்லை, அடாப்டரிலும் இல்லை, அதை நான் புரிந்துகொண்ட விதத்தில். அந்தச் சின்ன ஊதா பிளக் கம்பியை மட்டும் இடம் மாற்றிக் கொடுக்கும், பேச்சை மொழிபெயர்க்காது. பிஎஸ்2 (யூஎஸ்பிக்கு முந்தைய சின்ன உருண்டை பிளக்), யூஎஸ்பி இரண்டும் பேசத் தெரிந்த பிற்கால கீபோர்டுகளுக்கு அது போதும். 1989இல் யூஎஸ்பியே கிடையாது, அப்புறம் என் கீபோர்டு அதை எப்படிப் பேசும்? அதற்கு, பேச்சை மொழிபெயர்க்கும் சிப்பை உள்ளே வைத்த கன்வெர்ட்டர் வேண்டும். கடையில் அடாப்டர் என்று கேட்டால் இரண்டையும் அதே பெயரில்தான் தருவார்கள், பார்த்து வாங்க வேண்டும்.

இதைவிடக் குழப்பமானது அந்த உருண்டையான ஐந்து முள் டின் பிளக். முதல் பிசியின் 83 கீ கீபோர்டிலும் அதுதான், 1984இல் வந்த ஏடி கணினியின் 84 கீ கீபோர்டிலும் அதுதான். பார்க்க அச்சு அசல் ஒன்று, ஆனால் முதலாவது தான் சொல்வதைச் சொல்லிக்கொண்டே போகும், கணினி திருப்பிச் சொல்வதைக் கேட்காது (அதனால்தான் அதில் கேப்ஸ் லாக் விளக்கே இல்லை), இரண்டாவது இரு பக்கமும் பேசும். ஏடி வகையை பிஎஸ்2வில் மாட்ட வெறும் பிளக் மாற்றி போதும், எக்ஸ்டி எனப்படும் அந்த முதலாவது வகைக்கு அது உதவாது. ஆப்பிளின் பழைய கீபோர்டு இணைப்பான ஏடிபி இன்னொரு தனி உலகம். ஆனால் இத்தனைக்கும் இன்று வழி இருக்கிறது. ஏடிமெகா32யூ4 சிப் வைத்த கட்டை விரல் அளவு போர்டு ஒன்று, நாலு கம்பி, டிஎம்கே அல்லது கியூஎம்கே என்ற இலவச நிரல், கொஞ்சம் சால்டரிங், அவ்வளவுதான். எக்ஸ்டி, ஏடி, ஏடிபி மூன்றுக்கும் கன்வெர்ட்டர் செய்துகொள்ளலாம். அதிலேயே கீகளை இடம் மாற்றவும் முடியும். என் கீபோர்டில் விண்டோஸ் கீ கிடையாது, கேப்ஸ் லாக்கை அந்த வேலைக்கு வைத்துவிட்டேன், கேப்ஸ் லாக்கை நான் தெரிந்து அழுத்தியதைவிடத் தெரியாமல் அழுத்தியதுதான் அதிகம்.

சரி, கன்வெர்ட்டர் வந்தது, எழுத்து விழுந்தது. ஆனால் இடது பக்கத்தில் நாலைந்து கீகள் சில நேரம் பதியும், சில நேரம் பதியாது. தூக்கிக் குலுக்கினால் உள்ளே கிலுகிலுப்பை மாதிரி சத்தம். திறந்தேன். அதைத் திறப்பதே ஒரு கதை. மேல் விளிம்பில் நாலு ஸ்குரூ, ஆழமான குழிக்குள், தலை அறுகோணம், 5.5 மில்லிமீட்டர். என்னிடம் இருந்த ஸ்பானர் உள்ளேயே போகவில்லை, சுவர் மெலிதான நட் டிரைவர் ஒன்று தனியாக வாங்க வேண்டியிருந்தது. மூடியைக் கழற்றியதும் கடுகு கடுகாகக் கறுப்புத் துணுக்குகள் மேசையில் உருண்டன. பிளாஸ்டிக் ரிவெட்டின் தலைகள்.

மாடல் எம் இங்கேதான் மூப்பு காட்டும். கீகள் உட்காரும் பிளாஸ்டிக் தட்டையும் அடியிலுள்ள இரும்புத் தகட்டையும் இணைத்துப் பிடிப்பவை உருக்கி நசுக்கிய பிளாஸ்டிக் முளைகள். வயதாக ஆக அவை மொறுமொறுவென்று ஆகி, கீழே ஒரு முறை போட்டாலே தெறிக்கும். தலைகள் போன இடத்தில் இரண்டு தட்டுக்கும் நடுவே இடைவெளி விழும், அடித்தது மெம்பரேனில் (அழுத்தத்தைப் பதிவு செய்யும் மெல்லிய பிளாஸ்டிக் தாளில்) சரியாகப் படாது. மருந்து தெரிந்ததுதான், மீதித் தலைகளையும் உளியால் சீவிவிட்டு, முளைகள் இருந்த இடத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் துளை போட்டு, எம்2 ஸ்குரூவும் நட்டும் வைத்து இறுக்குவது. ஒரு சாயங்காலத்தில் முடியும் என்று படித்தேன். எனக்கு மூன்று நாள் ஆனது. இரண்டாம் நாள் தட்டைத் தவறான பக்கம் கவிழ்த்துவிட்டேன், ஸ்பிரிங்கும் அதன் அடியில் இருக்கும் சின்னச் சுத்தியல் துண்டும் ஒட்டிய ஜோடிகள் பொலபொலவென்று கொட்டின. ஒன்று இன்றுவரை கிடைக்கவில்லை, நம் லாக் (Num Lock) கீயின் ஸ்பிரிங்கை அந்த இடத்துக்குத் தானம் செய்தேன்.

அந்த ஸ்பிரிங்கைத்தான் எல்லோரும் ஒரு முறை பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பேனா ஸ்பிரிங் மாதிரி நோஞ்சானாக இருக்கும். கீயை அழுத்தும்போது முதலில் அது நேராகவே சுருங்குகிறது, ஒரு கட்டத்துக்கு மேல் தாங்க மாட்டாமல் பக்கவாட்டில் சட்டென்று வளைகிறது, வளையும்போதே அடியிலுள்ள சுத்தியலை ஆட்டிவிடுகிறது, சுத்தியல் மெம்பரேனைத் தட்டுகிறது. விரலுக்கு ‘டக்’ என்று தெரிவதும் எழுத்து பதிவதும் ஒரே நொடியில் நடப்பது அதனால்தான். அதாவது அடிவரை குத்த வேண்டியதில்லை, டக் வந்ததும் விரலை எடுத்துவிடலாம். கீயின் மேல் மூடியான கீகேப்பைத் திரும்ப மாட்டும்போது இந்த ஸ்பிரிங் கோணலாக உட்கார்ந்தால் கீ வாயில்லாப் பூச்சியாகிவிடும், இறங்கும், ஏறும், சத்தம் வராது. கழற்றித் திரும்ப மாட்டினால் பேச ஆரம்பித்துவிடும்.

கழுவுவது பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. கீகேப்களை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறப் போடுங்கள், தண்டுக்குள் தண்ணீர் தங்கும், அதனால் முழுசாக ஒரு நாள் காய விடுங்கள். கழற்றும் முன் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எது எங்கே என்பது நமக்குத் தெரியும் என்று நாம் நினைப்போம், தெரியாது. ஆல்ப்ஸ் சுவிட்ச் உள்ளதை மட்டும் அப்படியே தண்ணீரில் முக்கிவிடாதீர்கள், தூசி உள்ளே இறங்கினாலே கரகரப்பு வந்துவிடும் சுவிட்ச் அது.

ஒரு விஷயத்தில் எனக்கும் மற்ற பழங்கீபோர்டுக்காரர்களுக்கும் ஒத்துப் போகாது. மஞ்சளித்துப் போன ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்து வெளுப்பார்கள். வெளுக்கும், ஆனால் நாளாக ஆக மஞ்சள் திரும்ப வரும், சில நேரம் திட்டுத்திட்டாகவும் ஆகும். என் மாடல் எம்மின் எழுத்துக் கீகள் பிபிடி பிளாஸ்டிக், நிறமும் மாறவில்லை, எழுத்தும் அழியவில்லை, சாயத்தைச் சூட்டில் உள்ளே இறக்கியிருக்கிறார்கள். ஸ்பேஸ் பார் மட்டும் மஞ்சள். இருக்கட்டும், அதில் என்ன குறை? அதைவிட வயிற்றெரிச்சல், நல்ல பழைய கீபோர்டைப் பிய்த்து, சுவிட்சை மட்டும் உருவிப் புதுக் கூட்டில் போட்டுக்கொள்வது. உடைந்துபோனதில் உருவுங்கள், யார் வேண்டாம் என்றது? வேலை செய்வதில் ஏன் கை வைக்கிறீர்கள்?

குறைகளை மறைக்க விரும்பவில்லை. சத்தம் அதிகம், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அடுத்த அறையில் தூங்குபவர் உங்களைச் சும்மா விடமாட்டார். மாடல் எம்மில் சில மூன்று கீ கூட்டணிகள் ஒன்றாக அழுத்தினால் பதியாது, விளையாட்டுப் பிள்ளைகளுக்கு அது ஆகாது (மாடல் எஃபில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அதன் உள்ளே இருக்கும் ஃபோம் இத்தனை வருடத்தில் பொடிப்பொடியாகியிருக்கும், மாற்ற வேண்டும்). பிஎஸ்2வையும் ஏடிபியையும் கணினி ஓடும்போது செருகவோ பிடுங்கவோ கூடாது. வேகமும் கூடிவிடாது, என் டைப்பிங் முன்பு எப்படியோ இன்றும் அப்படியே, பிழைகள் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கின்றன, அதுவும் என் மனப்பிராந்தியாக இருக்கலாம்.

தமிழ் அடிக்க முடியுமா என்று என்னிடம் கேட்காதவர் இல்லை. கீபோர்டுக்கு ஆங்கிலமும் தெரியாது, தமிழும் தெரியாது. எந்த இடத்துக் கீ அழுந்தியது என்ற எண்ணை மட்டும் அனுப்பும், அது எந்த எழுத்து என்று முடிவு செய்வது கணினி. எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோட் 1991இல் வந்தது, தமிழ் விசை அமைப்பான தமிழ்99க்குப் பெயரிலேயே வருடம் இருக்கிறது, இரண்டும் வருவதற்கு முன் பிறந்த இந்தக் கீபோர்டில்தான் இந்தக் கடிதம் முழுவதையும் தமிழ்99இல் அடித்திருக்கிறேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மின்கழிவு பற்றி எழுதும்போது கீபோர்டுக்கும் நாலு வரி ஒதுக்குங்கள். தூக்கிப் போடும் முன் கவிழ்த்து லேபிளைப் பாருங்கள், ஒரு கீகேப்பைப் பிடுங்கி அடியில் ஸ்பிரிங்கோ சுவிட்சோ தெரிகிறதா பாருங்கள், பிளக் பொருந்தவில்லை என்பதற்காக எறியாதீர்கள், எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை அது என்று. உங்களுக்கே வேண்டாம் என்றாலும் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது. அப்படி வாங்குகிறவர் அதைக் கண்ணாடி அலமாரியில் வைக்கப் போகிறேன் என்றால் மட்டும் கொஞ்சம் யோசித்துக் கொடுங்கள்.

எனக்கு ஒரு நம் லாக் ஸ்பிரிங் தேவைப்படுகிறது என்பதையும் இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்