பாலாடை பிடித்த கைகளுக்கு

அன்புள்ள தாய்மாரே, ஆயாம்மாக்களே, அப்பாக்களே, பாட்டிகளே,

குறைமாதக் குழந்தையோடு வீட்டுக்குப் புறப்படும் தாய்மார் செவிலியர்களாகிய எங்களுக்குத்தான் நன்றி சொல்கிறார்கள். அதில் பெரும்பங்கு உங்களுடையது.

"எனக்குப் பால் ஊறல சிஸ்டர்" என்று அழுகிறவளுக்கு, நாங்கள் சொல்வதைவிட பக்கத்துக் கட்டில்காரி பீய்ச்சிக் காட்டுவது சீக்கிரம் புரிகிறது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்துக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கி விட வேண்டும். தோல்மேல் விரலை இழுத்தால் கன்றிப்போகும். காம்பை மட்டும் பிதுக்கினால் வலிதான் மிச்சம். முதல் நாள் கிண்ணத்தடியில் நாலைந்து சொட்டு மஞ்சள் சீம்பால் தெரிந்தாலே போதும். ரொம்பச் சின்னக் குழந்தைக்கு அப்போது வேளைக்கு ஒன்றிரண்டு மில்லிதான் கொடுப்போம். நாளுக்கு 8 தடவையாவது பீய்ச்ச வேண்டும், ராத்திரியும் சேர்த்து. தூக்கம் கெடுமே என்று இரவு வேளையை விட்டால் சுரப்பு இறங்கிவிடும். இதை உங்களில் பலர் தூக்கக் கண்ணோடு ஒருவரையொருவர் எழுப்பிச் செய்தீர்கள்.

உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் கர்ப்பக் கணக்கில் ஏறக்குறைய 34 வாரத்தில்தான் ஒழுங்காக இணையும். அதுவரை குழாய் வழியாகப் பால், அப்புறம் பாலாடை என்ற மூக்கு வைத்த சின்னக் கிண்ணம். பாலாடையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஒவ்வொரு வேளைக்கும் கொதிக்கவைத்துத் தந்த ஆயாம்மாக்களுக்கு நன்றி. அதன் மூக்கைக் கடைவாயில் வைத்து, குழந்தை விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த சொட்டு. அவசரப்பட்டு ஊற்றினால் புரையேறும்.

கங்காரு முறையில், அதாவது குழந்தையை வெறும் நெஞ்சோடு தோலோடு தோலாக, நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் அணைத்திருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சிசேரியன் ஆனவளால் தனியாக முடிகிற காரியமா? சட்டைப் பொத்தானைக் கழற்றி உட்கார்ந்த அப்பாக்களே, குழந்தையின் கழுத்து மடங்கினால் மூச்சு அடைபடும் என்று தாடையை அடிக்கடி பார்த்துக்கொண்டீர்களே, அதற்கு நன்றி.

"பால் பத்தல, பவுடர் கரைச்சுக் குடு" என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விழுங்கிய பாட்டிகளுக்குத் தனி நன்றி. அந்த ஒரு வார்த்தையில் பத்து நாள் தைரியம் போய்விடும். பத்துகிறதா என்பதைக் குழந்தை சிறுநீரில் நனைக்கும் துணியும் எடை மெஷினும் சொல்லட்டும்: கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 15 கிராம் ஏறினால் போதும்.

தாய்ப்பால் வங்கிக்குக் கொடுத்தவர்களே, பலர் பாலும் ஒன்றாகக் கலந்து, 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கப்படுகிறது. யார் பால் எந்தக் குழந்தைக்குப் போனது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே நன்றி சொல்லிவிடுகிறோம்.

இப்படிக்கு,
பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலியர்கள்