ஜமக்காளம் இன்னும் வாங்கவில்லை

பவானி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மிணிக்குத் தை மாசமே கல்யாணம் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தங்கச்சிக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? பத்திரிகை வைக்க ஊர் ஊராக அவளையும் இழுத்துக்கொண்டு அலையாதே.

நீ கேட்ட ஜமக்காளம் இன்னும் வாங்கவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள், எல்லாவற்றிலும் 'பவானி' என்று சீட்டு. ஒன்றைத் தூக்கினால் போர்வை மாதிரி லேசாக வருகிறது. ஓரத்தில் ஓர் இழையை உருவி, வெளியே வந்து தீக்குச்சி வைத்துப் பார்த்தேன். பஞ்சு நூலாக இருந்தால் எரிந்து சாம்பலாகிவிடும். இது உருகிச் சுருண்டு கறுப்பாக உருண்டு நின்றது. காட்டினேன். "எந்தத் தறியா இருந்தா என்னங்க, விரிச்சா ஜமக்காளந்தானுங்க" என்றார் கடைக்காரர். சரி, பில்லில் 'பவானி கைத்தறி ஜமக்காளம்' என்று எழுதித் தருவீர்களா என்றேன். "விரிப்புன்னு வேணா போட்டுத் தர்றேனுங்க." விவரமான ஆள்தான்.

மகாராஷ்டிராவில் சோலாப்பூர்ப் பக்கம் விசைத்தறியில் ஓட்டி இறக்குகிற சரக்கு பல வருஷமாக இங்கே வந்துகொண்டிருக்கிறது. நம்ம ஊர்க் குழித்தறியில் அகல ஜமக்காளம் போட்டால் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, குறுக்கு நூலை ஓட்டுகிற நாடாவைத் தள்ள வேண்டும். மோட்டார் நெய்வதன் ரேட்டுக்கு அந்தக் கூலி எப்படிக் கட்டுப்படியாகும்? எங்கள் பக்கத்து வீட்டில் தறியைப் பிரித்து, குழியை மூடி டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். பையன் பெருந்துறை சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1985-ஆம் வருஷத்துக் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டப்படி ஜமக்காளத்தை விசைத்தறியில் நெய்யவே கூடாது. ஆனால் அது நெய்கிறவனைப் பிடிக்கிற சட்டம். தறி சோலாப்பூரில் ஓடினால் இங்கே யாரைப் பிடிப்பது? விற்கிறவனுக்கு, ஓர் ஊரின் பேர்போன சரக்குக்கு அந்த ஊர்ப் பேரைக் காக்கிற புவிசார் குறியீட்டுச் சட்டம் இருக்கிறது. பொய்யாகப் 'பவானி' என்று போட்டு விற்றால் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை ஜெயில், 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது! சரக்கைப் பறிமுதல் செய்ய டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி வர வேண்டும். அவரும் முதலில் புவிசார் குறியீட்டுப் பதிவாளரிடம் கருத்துக் கேட்க வேண்டும். அதற்குள் குடோன் காலி.

என்னைக் கேட்டால், கடைக்காரரைத் துரத்துவதைவிட மண்டபக்காரர்களையும் பந்தல்காரர்களையும் வழிக்குக் கொண்டுவர வேண்டும். மொத்தமாக எடுப்பவர்கள் அவர்கள்தான். நெசவாளர் கூட்டுறவு சொசைட்டி பில்லும் கைத்தறி முத்திரையும் இருந்தால்தான் எடுப்போம் என்று அவர்களில் பாதிப் பேர் நின்றாலே போலிக்குக் கிராக்கி குறைந்துவிடும். உன் மண்டபத்துக்காரர் உனக்கு வேண்டியவர்தானே, பேசிப் பார். அப்புறம், 'பவானி' என்று சீட்டு ஒட்டிய போலியைப் பில்லோடு எவனாவது விற்றால் எனக்கு அனுப்பு. கைத்தறித் துறை அமலாக்கப் பிரிவில் எழுதிக் கொடுக்க அது வேண்டும்.

நான் சொசைட்டியிலேயே எடுத்துவிடுகிறேன். விலை கூடத்தான். நீ கேட்ட நாலுக்குப் பதில் இரண்டுதான் வரும், மீதி இடத்துக்குப் பாய் விரித்துக்கொள். என்ன நிறம் என்று தங்கச்சியைக் கேட்டுச் சீக்கிரம் எழுது.

உன் மச்சான்